தையல் மெசினுக்கு மூன்று சனிக்கிழமை

(நமது சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், கொட்டகலையைச் சேர்ந்த பழைய மாணவியான மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு டொக்டரைப் பேச அழைத்தால் நீரிழிவு, இரத்த அழுத்தம் என்று ஏதாவது சொல்லுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். செயலாளரும், “பெண்களுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது பேசுங்கள்” என்றுதான் கேட்டார். நான் எடுத்துக்கொண்ட விஷயம் தையல் மெசின். அதுவும் தைக்கத் தெரிந்தவர்களுக்கு அல்ல. மெசின் முன்னால் இதுவரை உட்காராதவர்களுக்கும், ஒருமுறை உட்கார்ந்துவிட்டு “எனக்குக் கை வராது” என்று எழுந்துவிட்டவர்களுக்கும்.

நம் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். லயத்துக் காம்பராவின் மூலையில் ஒரு தையல் மெசின் நிற்கும். மேலே பூப்போட்ட துணி. துணிக்கு மேலே டீவி, அல்லது சாமி படம், அல்லது பிள்ளைகளின் புத்தகப் பை. சுயதொழில் உதவி என்று கொடுத்த மெசினாக இருக்கும். கொழும்பில் வேலை செய்த மகள் தவணைக் காசு கட்டி வாங்கிக் கொடுத்ததாகவும் இருக்கும். கொடுத்த அன்று போட்டோ எடுத்திருப்பார்கள். அதற்குப் பிறகு அது ஓடியிருக்காது.

அதே வீட்டில் ஜனவரி மாதம் இன்னொரு காட்சி. பாடசாலைச் சீருடைத் துணியை அரசாங்கம் 1993 முதல் இலவசமாகக் கொடுக்கிறது. துணி இலவசம், தையல்கூலி இலவசம் இல்லை. மூன்று பிள்ளை படிக்கிற வீட்டில் அந்தக் கூலி, அம்மாவின் பல நாள் கொழுந்துக் காசு. மெசின் மூலையில் நிற்க, துணியைக் கையில் எடுத்துக்கொண்டு கொட்டகலைக் கடைவீதிக்கோ ஹட்டனுக்கோ போகிறார்கள்.

ஏன் அந்த மெசின் ஓடவில்லை? சோம்பலால் அல்ல. விடியற்காலையில் எழும்பிச் சமைத்து, மலையேறிக் கொழுந்து பறித்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும் பெண்ணைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. காரணம் மிகச் சிறியது. முதல் நாள் நூல் சிக்கியது. இரண்டாம் நாள் ஊசி உடைந்தது. மூன்றாம் நாள் பூப்போட்ட துணியை மேலே போட்டாகிவிட்டது. அந்த மூன்று நாளும் பக்கத்தில் உட்கார யாரும் இருக்கவில்லை.

மலைக்குப் போகும் புதுப்பிள்ளையின் கையில் கூடையைக் கொடுத்து, “போய்ப் பறி” என்று எந்தக் கங்காணியும் தனியாக விடுவதில்லை. அம்மாவுக்கோ அத்தைக்கோ பக்கத்து நிரையில் விடுவார்கள். எந்தக் கொழுந்து, எந்த முற்றல், விரலை எப்படி மடக்குவது என்று அவள் பார்த்துப் பார்த்துப் படிக்கிறாள். தேயிலைக்கு இருக்கிற இந்த வழக்கம் தையல் மெசினுக்கு இல்லாமல் போய்விட்டது. இன்று நான் சொல்ல வந்தது இதுதான்: மெசின் கொடுத்தால் போதாது, முதல் மூன்று நாள் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் கொடுக்க வேண்டும்.

நானே நாற்பது வயதைக் கடந்த பிறகுதான் மெசினில் உட்கார்ந்தேன். பழக்கியவர் எங்கள் வைத்தியசாலையில் சுத்திகரிப்பு வேலை பார்த்த ஓர் அக்கா. நூற்கட்டையை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்த என்னிடம், “மொதல்ல நூலு வேணாம் மிஸ். சும்மா மிதிச்சுப் பழகுங்க” என்றார். அவர் கற்றுத்தந்த ஒழுங்கையே மூன்று சனிக்கிழமையாகப் பிரித்து இங்கே சொல்கிறேன்.

முதல் சனிக்கிழமை, கால்.

மெசினை வெளிச்சத்தில் வையுங்கள். இஸ்தோப்பு நல்ல இடம். நான்கு காலும் தரையில் சமமாக நிற்க வேண்டும். ஆடினால் ஒரு காலுக்கு அடியில் தடித்த அட்டையை மடித்து வையுங்கள். நாற்காலியை மெசினின் நடுவுக்கு நேராகப் போடாமல், ஊசிக்கு நேராகப் போடுங்கள். முழங்கை மேசை மட்டத்துக்கு வர வேண்டும். நாற்காலி தாழ்ந்திருந்தால் தோள் தூக்கிக்கொள்ளும். ஒரு மணி நேரத்தில் கழுத்து வலிக்கும்.

வலப்பக்கம் உள்ள கைச்சக்கரத்தின் நடுவில் ஒரு குமிழ் இருக்கும். அதைத் தளர்த்தினால் சக்கரம் சுற்றும், ஊசி அசையாது. துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கி வையுங்கள். இரண்டு பாதங்களையும் மிதிமேல் வைத்து, ஒன்றைக் கொஞ்சம் முன்னால் தள்ளுங்கள். சக்கரத்தைக் கையால் உங்கள் பக்கமாக, ஆம், உங்கள் பக்கமாக, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, முன்பாதமும் குதிகாலும் மாறி மாறி அழுத்துங்கள். புதிதாகப் பழகுகிறவருக்குச் சக்கரம் பின்பக்கமாக ஓடிவிடும். நூல் போட்டிருந்தால் அங்கேயே சிக்கியிருக்கும். நூல் இல்லாததால் ஒன்றும் ஆகாது. நிறுத்தி மறுபடி தொடங்கலாம். நூல் வேண்டாம் என்று அக்கா சொன்னதன் காரணம் இதுதான். சைக்கிள் பழகுகிறவர் முதலில் சமநிலை பழகுவதைப் போன்றது இது.

அரை மணி நேரம் மிதித்தால் கால் ஒரு தாளத்துக்கு வந்துவிடும். பிறகு குமிழை இறுக்கி, ஒரு பழைய ஊசியைப் போட்டு, கோடு போட்ட கொப்பித் தாளை வைத்து, பாதத்தை இறக்கி, நூல் இல்லாமலே கோட்டின் மேல் ஓட்டுங்கள். ஓட்டை கோட்டில் விழுகிறதா என்று பாருங்கள். தாளை இழுக்கவோ தள்ளவோ வேண்டாம். கீழே உள்ள பற்கள் அதை நகர்த்தும். உங்கள் கை வழிகாட்டினால் போதும். மூலை வந்தால் ஊசியைக் கீழே இறக்கி நிறுத்தி, பாதத்தைத் தூக்கி, தாளைத் திருப்பி, பாதத்தை இறக்கித் தொடருங்கள். ஒரு சதுரம், ஒரு வட்டம் போட வந்துவிட்டால் முதல் சனிக்கிழமை முடிந்தது. மின்சார மெசின் என்றாலும் இதே பாடம்தான்; மிதிக்குப் பதிலாக மெதுவாக அழுத்தப் பழகுகிறீர்கள், அவ்வளவுதான்.

இரண்டாம் சனிக்கிழமை, நூல்.

நூல் கோர்க்கும் முன் இந்த மெசின் என்ன செய்கிறது என்று புரிந்துகொண்டால் பயம் போய்விடும். கைத்தையலில் ஒரு நூல், ஊசியின் வால்பக்கம் காது. மெசினில் இரண்டு நூல், ஊசியின் முனைப்பக்கம் காது. முனையில் காதுள்ள ஊசியோடு இரண்டு நூலைப் பூட்டும் இந்தத் தையலுக்கு அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846இல் காப்புரிமை பெற்றார். 1851இல் ஐசக் சிங்கர் ஊசி மேலும் கீழுமாக நேராக இறங்கும் மெசினுக்கு உரிமை பெற்றார். அவருடைய பங்காளி எட்வர்ட் கிளார்க் 1856இல் தவணைக் காசு முறையைத் தொடங்கினார். சாதாரணக் குடும்பங்களுக்குள் மெசின் நுழைந்தது அதனால்தான். சிங்கர் இலங்கைக்கு வந்தது 1877இல். இயந்திரங்களின் பெருக்கத்தைக் கேள்வி கேட்ட காந்தியடிகள்கூட, 1924இல் ஓர் உரையாடலில் தையல் மெசினுக்கு விதிவிலக்குக் கொடுத்தார்.

ஊசி துணிக்குள் இறங்கி, மேலே எழத் தொடங்கும்போது மேல்நூல் சின்ன வளையமாக விரியும். கீழே சுற்றும் கொக்கி அந்த வளையத்தைப் பிடித்துப் பொபினைச் சுற்றிக் கொண்டுபோகும். இரண்டு நூலும் துணியின் நடுவே பூட்டிக்கொள்ளும். இவ்வளவுதான் மெசின். இனி வரும் எல்லாக் கோளாறுகளும் அந்த வளையம் சரியாக விரியாததாலோ, இரண்டு நூலும் ஒரே அளவு இறுக்கமாக இல்லாததாலோ வருபவைதான்.

முதலில் பொபின். குமிழைத் தளர்த்திவிட்டு, நூலைச் சமமாக, மேடு பள்ளம் இல்லாமல் சுற்றுங்கள். விளிம்பு வழியும்வரை சுற்ற வேண்டாம். பொபினைக் கேசில் போட்டு, நூலை வெட்டுக்குள் விட்டு, சின்னத் தகட்டுக்கு அடியில் வரும்படி இழுங்கள். பொபின் கேசை நூலில் தொங்கவிட்டுப் பாருங்கள். தானாக வழுக்கி விழுந்தால் தளர்வு. இலேசாக உதறும்போது கொஞ்சம் இறங்கி நின்றால் சரி. உதறியும் அசையாவிட்டால் இறுக்கம்.

அடுத்தது ஊசி. மெசின் ஊசியின் தண்டில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அதற்கு எதிர்ப்பக்கம் நெடுக ஒரு நீண்ட பள்ளம் ஓடும். நூல் எப்போதும் அந்தப் பள்ளம் இருக்கும் பக்கத்தால் நுழைந்து, தட்டைப் பக்கத்தால் வெளியே வர வேண்டும். எந்தப் பக்கம் திருப்பிப் போடுவது என்பது மெசினுக்கு மெசின் மாறும். ஊசிக்கு மேலே உள்ள கடைசி நூல் கொக்கி எந்தப் பக்கம் இருக்கிறதோ, பெரும்பாலும் அந்தப் பக்கம் பள்ளம் வரும். ஊசியை முட்டும்வரை மேலே தள்ளித் திருகை இறுக்குங்கள். சாதாரணப் பருத்திக்கும் சீருடைத் துணிக்கும் 14ஆம் இலக்க ஊசி, மெல்லிய துணிக்கு 11, தடித்த காற்சட்டைத் துணிக்கு 16.

பிறகு மேல்நூல். கோர்க்கும்போது பாதம் தூக்கியே இருக்க வேண்டும். அப்போதுதான் டென்ஷன் தட்டுகள் விரிந்து நூலை உள்ளே விடும். நூற்கட்டையிலிருந்து தட்டுகளுக்கு நடுவே, அங்கிருந்து மேலும் கீழும் ஆடும் நெம்பியின் ஓட்டைக்குள், பிறகு கொக்கிகள் வழியாக ஊசிக்கு. நெம்பி விடுபட்டால் தையல் ஓடாது. கோர்த்த பிறகு மேல்நூலை இடக்கையில் பிடித்துக்கொண்டு சக்கரத்தை உங்கள் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றினால், கீழ்நூல் வளையமாக மேலே வரும். இரண்டையும் 4 அங்குலம் இழுத்துப் பாதத்துக்கு அடியால் பின்னால் விடுங்கள்.

இதைப் பத்துத் தடவை கோர்த்துக் கழற்றுங்கள். அன்று ஒரு தையலும் போடாவிட்டாலும் பரவாயில்லை. கோர்க்கத் தெரிந்தவர் யாரையும் எதிர்பார்த்து நிற்கத் தேவையில்லை.

மூன்றாம் சனிக்கிழமை, துணி.

பழைய படுக்கை விரிப்பிலிருந்து இரண்டு துண்டு எடுங்கள். மேல்நூலுக்கு ஒரு நிறம், கீழ்நூலுக்கு வேறு நிறம் போடுங்கள். அப்போது எந்த நூல் தப்புச் செய்கிறது என்று மெசினே காட்டிக்கொடுக்கும். துணியை வைத்து, பாதத்தை இறக்கி, முதல் சில தையலுக்கு நூல் நுனிகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஊசியைப் பார்க்க வேண்டாம். துணியின் ஓரத்தைப் பாருங்கள். ஊசியிலிருந்து அரை அங்குலம் தள்ளி மெசின்மேல் ஒரு பிளாஸ்டர் துண்டை ஒட்டி, ஓரம் அதைவிட்டு விலகாமல் ஓட்டினால் தையல் நேராக வரும். முடித்ததும் நெம்பி மேலே இருக்கும்படி நிறுத்தித் துணியை எடுங்கள். இல்லையென்றால் அடுத்த தடவை நூல் ஊசியை விட்டு உருவிக்கொள்ளும்.

துணியின் அடியில் நூல் கொத்தாகச் சேர்ந்தால் எல்லோரும் பொபினைத்தான் சந்தேகிப்பார்கள். குற்றவாளி பெரும்பாலும் மேல்நூல். அது டென்ஷன் தட்டுக்குள் போகாமல் இருக்கும், அல்லது பாதத்தை இறக்க மறந்திருப்பீர்கள். மேல்நூல் அடிக்கடி அறுந்தால் டென்ஷன் இறுக்கம், அல்லது ஊசியில் சுணை. தையல் விட்டு விட்டு விழுந்தால் ஊசி வளைந்திருக்கும், அல்லது திரும்பியிருக்கும். ஊசி உடைந்தால் நீங்கள் துணியை இழுத்திருக்கிறீர்கள். எந்தக் கோளாறுக்கும் பரிசோதனை ஒழுங்கு ஒன்றுதான்: மேல்நூலைக் கழற்றித் திரும்பக் கோருங்கள், ஊசியை மாற்றுங்கள், பொபினைத் திரும்பப் போடுங்கள். இந்த மூன்றுக்கும் பிறகுதான் திருகுகளைத் தொட வேண்டும்.

நம் ஊருக்கென்று இரண்டு வார்த்தை. கொட்டகலை ஏறத்தாழ 4000 அடி உயரம். வருடத்தில் பாதி நாள் மழையும் மூட்டமும். மெசின் துரு பிடிக்கும். வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, பற்களுக்கு அடியில் சேரும் பஞ்சைத் தூரிகையால் எடுங்கள். எண்ணெய் போடும்போது மெசின் எண்ணெய் மட்டும் போடுங்கள். தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையும். நம் வீட்டுப் போத்தலில் காலையில் அது கட்டியாக நிற்பதைப் பார்க்கிறீர்களே, மெசினுக்குள்ளும் அப்படித்தான் நிற்கும். இறுகிப்போய் ஓடாமல் நிற்கும் மெசின் எல்லாமே பழுதானது அல்ல.

இனி டொக்டராகச் சில வார்த்தை. நாற்பது வயதுக்கு மேல் ஊசிக்காது தெரியவில்லை என்றால் அது வெள்ளெழுத்து. கண்ணாடி போட்டால் சரி. ஊசிக்குப் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்து, நூல் நுனியைச் சரிவாக வெட்டினாலும் கொஞ்சம் உதவும். விரலில் ஊசி ஏறினால் மிதியை நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி ஊசியை எடுத்து, சவர்க்காரம் போட்டுத் தண்ணீரில் கழுவுங்கள். ஊசித் துண்டு உள்ளே உடைந்திருந்தால் வீட்டில் தோண்ட வேண்டாம். வைத்தியசாலைக்கு வாருங்கள், எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஏற்புத் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில், வேலை இல்லாத நேரம் பெல்ட்டைச் சக்கரத்திலிருந்து கழற்றி விடுங்கள்.

என்ன தைப்பது? முதலில் தலையணை உறை. பிறகு பை. மூன்றாவதாக நான் சொல்லப்போவதைக் கேட்டுத் தங்கைமார் சிரிக்க வேண்டாம்: மாதவிடாய்த் துணி. கடையில் வாங்கும் நாப்கின் மாதாமாதம் கட்டுப்படியாகாத வீடுகள் நம் தோட்டங்களில் நிறைய. கிழிந்த சேலைத் துண்டை மடித்து வைக்கிற பிள்ளை, அது நழுவுமோ என்ற பயத்தில் அந்த நாட்களில் பாடசாலைக்கு வருவதில்லை. வந்தாலும் கரும்பலகைக்கு எழும்பிப் போவதில்லை. நேர்த்தையல் மட்டும் தெரிந்தாலே ஒரு நல்ல துணி தைத்துவிடலாம்.

ஆனால் நம் மழையில் ஒரு சிக்கல் உண்டு. பல மடிப்பை ஒன்றாகத் தைத்தால் அது காயாது. வெட்கப்பட்டு வேறு துணிக்கு அடியில், இருட்டு மூலையில் போடுவார்கள். ஈரம் காயாத துணியைத் திரும்ப வைப்பதால் தோல் புண்ணாகி, அரிப்போடு வருகிற பிள்ளைகளைக் கிளினிக்கில் பார்க்கிறோம். ஆகவே இரண்டாகத் தையுங்கள். பொத்தான் போட்டு உள்ளாடையோடு பூட்டும் ஓர் உறை. அதற்குள் வைக்க, ஓரம் மட்டும் தைத்த சதுரமான ஒற்றைப் பருத்தித் துணி. அதை மடித்து வைக்கலாம், துவைக்கும்போது விரித்துவிடலாம். ஒற்றைத் துணி சீக்கிரம் காயும், வெயிலில் மற்றத் துணியோடு கொடியில் கிடந்தாலும் கைக்குட்டை மாதிரித்தான் தெரியும். முதலில் குளிர்ந்த நீரில் அலசி, பிறகு சவர்க்காரம். வெயில் இல்லாத நாளில் இஸ்திரிப்பெட்டி. ஒரு பிள்ளைக்கு இரண்டு உறையும் எட்டுச் சதுரமும் இருந்தால் மழைமாதத்தையும் சமாளிக்கலாம்.

“படிப்பு வராத பிள்ளைக்குத் தையல்” என்று நம்மிடையே ஒரு பேச்சு இருக்கிறது. அதற்கு ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். 1894இல் பிரெஞ்சு ஜனாதிபதி சாதி கார்னோ லியோன் நகரத்தில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அறுந்த இரத்தக்குழாயைத் தைக்க அந்தக் காலத்து வைத்தியர்களால் முடியவில்லை. அந்த நகரத்து இளம் மருத்துவர் அலெக்சி கரெல், மெல்லிய ஊசியைக் கையாளும் முறையைப் படிக்க ஓர் எம்பிராய்டரிப் பெண்ணிடம் போனார். இரத்தக்குழாயைத் தைக்கும் முறையை உருவாக்கியதற்காக அவருக்கு 1912இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. நாங்கள் சத்திரசிகிச்சைக் கூடத்தில் போடுவதையும் தையல் என்றுதான் தமிழில் சொல்கிறோம்.

கார்மன்டுக்குப் போய்த் திரும்பிய தங்கைமாரையும் மறக்கக் கூடாது. கட்டுநாயக்காவில் 1978இல் வலயம் திறந்ததிலிருந்து மலையகத்துப் பிள்ளைகளும் போய்க்கொண்டிருக்கிறார்கள். அங்கே ஒருத்தி ஐந்து வருடம் ஜூகி மெசினில் கொலர் மட்டுமே தைத்திருப்பாள். முழுச் சட்டை வெட்டத் தெரியாது. ஆனால் அவள் கால், கை, கண் மூன்றும் பழகியவை. நான் சொன்ன மூன்று சனிக்கிழமையும் பக்கத்தில் உட்கார அவளைவிடப் பொருத்தமான ஆள் யார்? அவளுக்கு நாம் வெட்டப் பழக்கலாம். அவள் நம் அம்மாமாருக்கு ஓட்டப் பழக்கட்டும்.

கடைசியாக, சங்கத்திடம் என் வேண்டுகோள். நமது பாடசாலை மனையியல் அறையில் உள்ள மிதி மெசின்களை அதிபர் அனுமதித்தால் சனிக்கிழமை காலையில் திறப்போம். ஒரு மெசினுக்கு ஒரு கற்பவர், பக்கத்தில் ஒரு தெரிந்தவர். மூன்று சனிக்கிழமை முடிந்ததும் அடுத்த அணி. தைக்கத் தெரிந்த அக்காமார் வருடத்துக்கு மூன்று சனிக்கிழமை கொடுத்தால் போதும்.

கூடலூரிலும் கோத்தகிரியிலும், கனடாவிலும் இலண்டனிலும் இருந்து இந்த மலரைப் படிக்கப்போகும் அக்காமாருக்கு: தயவுசெய்து புது மெசின் அனுப்ப வேண்டாம். மெசின் இங்கே நிறைய இருக்கிறது, பூப்போட்ட துணிக்கு அடியில். 11, 14, 16ஆம் இலக்க ஊசி, பொபின், பெல்ட், மெசின் எண்ணெய், நல்ல கத்தரிக்கோல், இவற்றுக்கு உதவுங்கள். விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் ஒரு சனிக்கிழமை வந்து பக்கத்தில் உட்காருங்கள்.

உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ ஓடாமல் நிற்கும் மெசின் இருந்தால், கூட்டம் முடிந்து போகும்போது வாசலில் உள்ள கொப்பியில் தோட்டத்தின் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். எங்கிருந்து தொடங்குவது என்பதை அதைப் பார்த்து முடிவு செய்வோம்.